இரும்புரலில் இடித்த கரி

1

ஏழெட்டு வருடங்களுக்கு முன் இதே இதழில் என்னுடைய பேட்டி ஒன்று வந்தது. சிலருக்கு நினைவிருக்கலாம். ரொறன்ரோவில் சேதன இரசாயனப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கையில் ஒரு சிரட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கும் படம். அந்தச் சிரட்டை ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காயினுடையது. படம் எடுப்பதற்காகவே அன்று காலை உடைத்தேன். தேங்காய் அழுகியிருந்தது. கேட்டவரிடம், "ஊரிலிருந்து வந்த சிரட்டை, பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று சொன்னேன். அப்படியே அச்சிட்டார்கள்.

இது சின்னப் பொய். பெரியதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

மனைவி இறந்தபிறகு என்னுடைய காலைகள் ஒரே மாதிரியானவை. மாத்திரை, தேநீர், கணினி. ஓய்வுபெற்றவர்களுடைய மின்னஞ்சல் முகவரியைப் பல்கலைக்கழகம் வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்கிறது. "நீங்கள் இன்னும் ஆய்வில் ஈடுபட்டிருக்கிறீர்களா?" என்று படிவம் கேட்கும். ஆம் என்று அழுத்துவேன். ஆய்வுகூடச் சாவியைத் திருப்பிக் கொடுத்துப் பத்து வருடமாகிறது. ஆனாலும் இல்லை என்று அழுத்தினால் முகவரி போய்விடும், முகவரி போனால் நான் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கும் கிழவன் மட்டும்தான்.

அந்த முகவரிக்குச் சித்திரை மாதம் ஒரு கடிதம் வந்தது. வெளியே பழைய பனி கறுத்துக் கிடந்தது. எழுதியவர் துவாரகா, இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. திருத்தமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். சாரம் இது:

தான் படித்த பள்ளிக்கூடத்தின் இரசாயன ஆய்வுகூடச் சுவரில் என் பேட்டியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வந்தாராம். என்னுடைய கட்டுரையில் உள்ளபடி சிரட்டைக் கரி செய்து இரண்டு வருடமாக முயல்கிறார். ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. மேற்பார்வையாளர் "உம்மட கை சரியில்லை" என்கிறார். யூலையோடு அனுமதிக்கப்பட்ட காலம் முடிகிறது. பேட்டியில் நான் அந்தக் கரியின் சிறப்பு எங்கள் மண்ணின் குணம் என்று சொல்லியிருந்ததால், சாவகச்சேரியில், பளையில், பருத்தித்துறையில் என்று வேறுவேறு ஊர்ச் சிரட்டைகளை எடுத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறார். கடைசி வரி: "அது எந்த ஊர்ச் சிரட்டை என்று தயவுசெய்து சொல்வீர்களா, ஐயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எழும்பிப்போய் முகம் கழுவினேன்.

2

நான் ஊரில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படித்த காலத்தில் செய்முறைக் கொப்பியில் மூன்று நிரல் கீற வேண்டும். சோதனை, அவதானம், அனுமானம். ஒரு மண்ணிறப் பொட்டலத்துக்குள் பெயர் தெரியாத உப்பு ஒன்றைத் தருவார்கள். அமிலம் ஊற்றி, சூடாக்கி, வருகிற நிறத்தையும் மணத்தையும் எழுதி, கடைசியில் அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நாங்கள் வலமிருந்து இடமாக எழுதினோம். ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுகிற மணியண்ணைக்கு ஒரு சுருட்டு வாங்கிக் கொடுத்தால், எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்று காதுக்குள் சொல்வார். முடிவை முதலில் எழுதிவிட்டு, அந்த முடிவுக்கு என்ன நிறம் வரவேண்டுமோ அதைப் புத்தகத்தில் பார்த்து அவதானத்தில் எழுதுவோம். வகுப்பில் அநேகமாக எல்லாரும் செய்தோம்.

ஒருநாள் மணியண்ணை எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். செப்பு என்றார். நானும் "கடும் நீல நிறக் கரைசல்" என்று எழுதி வைத்துவிட்டேன். என் முன்னால் சோதனைக் குழாயில் இருந்தது வெறும் தண்ணீர் மாதிரி, நிறமே இல்லாமல். ஆசிரியர் வந்து குழாயைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார்.

"தம்பி, உமக்குக் கண்ணாடி போட வேணும் போல கிடக்கு."

"ஓம் சேர்."

"எங்கை, குழாயைத் தூக்கிப் பிடியும். என்ன நிறம்?"

நான் தூக்கிப் பிடித்தேன். "நீலம், சேர்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவர் அடுத்த மேசைக்குப் போனார். அன்று அவர் அடித்திருந்தால் நான் திருந்தியிருப்பேன் என்று சொல்லமாட்டேன். அடித்திருந்தால் அடுத்த முறை மணியண்ணையிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்தியிருப்பேன், அவ்வளவுதான்.

3

இனி என் கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரசாயனம் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

சில மருந்துகளைச் செய்யும்போது இரண்டு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அவை தாமாக இணையாது. இணைத்து வைக்க ஓர் ஊக்கி வேண்டும், அது பெரும்பாலும் ஓர் உலோகம். உலோகம் மருந்துக்குள் கொஞ்சம் தங்கிவிடும், அதை அகற்றுவது கரைச்சல். உலோகமே இல்லாமல் வெறும் கரி அந்த வேலையைச் செய்யும் என்று யாராவது காட்டினால் அது பெரிய விடயம். நான் காட்டினேன். அதுதான் என் பெயர்.

அப்போது எனக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. ஐந்து வருட முடிவில் ஒரு குழு கூடி, இவர் இருக்கலாமா போகலாமா என்று தீர்மானிக்கும். என் ஆய்வுகூடத்தில் இரண்டு மாணவர்களும் ஓர் உதவியாளரும். அந்த உதவியாளர்தான் சுகந்தி. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் எடுத்தவர். அகதியாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உயரக் கட்டடத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். இங்கே அந்தப் பட்டத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நான் எடுத்தேன் என்று எனக்குப் பெருமை. அவருக்கு முப்பது வயதிருக்கும். என்னைச் சேர் என்பார். நான் நீர் என்பேன்.

சுட்ட சிரட்டைக் கரியை மாவாக்க வேண்டும். அரைக்கும் இயந்திரம் பழுது. திருத்துவதற்குப் படிவம் நிரப்பி, மூன்று பேர் கையெழுத்து வைத்து, ஆறு வாரமாகியும் யாரும் வரவில்லை. அகேற் என்கிற கடும் கல்லில் செய்த சிறிய உரல் ஒன்றுண்டு, அது பக்கத்து ஆய்வுகூடத்தாருடையது. அவர்களிடம் கேட்க எனக்குக் கௌரவக் குறைச்சல்.

ஒரு திங்கட்கிழமை சுகந்தி ஒரு ஐஸ்கிறீம் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே கண்மை போல நுண்ணிய கரித்தூள்.

"எங்கை அரைச்சனீர்?"

"வீட்டை கொண்டுபோய் இடிச்சனான் சேர். அம்மா வெத்திலை இடிக்க வச்சிருந்த இரும்புரல் இருக்கு. கீழ்வீட்டுச் சனம் தும்புத்தடியாலை கூரைக்குத் தட்டினதுகள். எண்டாலும் விடேல்லை."

"ஆய்வுகூடச் சாமானை வெளியிலை கொண்டுபோகக்கூடாது எண்டு தெரியுமெல்லே?"

"தெரியும் சேர். நீங்கள் அவசரம் எண்டியள்."

இருவரும் சிரித்தோம். தெருவில் ஓடும் மின்வண்டியில் அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்தப் பெட்டித் தூள் வேலை செய்தது. அந்தக் கிழமை முழுக்க வேலை செய்தது. சுகந்தி எல்லாவற்றையும், இரும்புரல் உட்பட, கொப்பியில் எழுதினார்.

4

கட்டுரையை அனுப்பினேன். மதிப்பிட்டவர்கள் நியாயமாக ஒன்று கேட்டார்கள். கரிக்குள் உலோகம் எதுவும் இல்லை என்பதற்கு ஒரு பகுப்பாய்வு தாருங்கள். பழைய தூள் முடியும் நிலையில் இருந்தது. இதற்கிடையில் இயந்திரமும் திருத்தப்பட்டுவிட்டது. சுகந்தி புதிதாக அரைத்து அனுப்பினார். உலோகம் இல்லை என்று சுத்தமான அறிக்கை வந்தது.

மூன்று நாள் கழித்து அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சேர், ஒரு விசயம். புதுத்தூள் வேலை செய்யேல்லை."

"திரும்பச் செய்து பாரும்."

"நாலு தரம் செய்திட்டன். பழைய தூளிலை மிச்சம் கொஞ்சம் கிடந்தது. அதுக்குள்ளை இதை விட்டுப் பாத்தனான்." கையில் ஒரு காந்தம், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் படம் ஒட்டுகிற காந்தம், ஒரு வாழைப்பழ வடிவில். பொலித்தீனால் சுற்றியிருந்தார். அதன் அடியில் கரித்தூள் சன்னமான மயிர் மாதிரிக் குத்திட்டு நின்றது.

கரி காந்தத்தில் ஒட்டாது. இரும்பு ஒட்டும்.

"அமிலத்திலை கழுவிப்போட்டும் பாத்தனான் சேர். கழுவின தூள் சும்மா கிடக்கு. என்ர பிழைதான். நான் உரலிலை இடிச்சிருக்கக் கூடாது."

இந்த இடத்தைத்தான் பல வருடமாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் செய்தது பிழை அல்ல. ஓர் ஆராய்ச்சியாளர் செய்யவேண்டிய அத்தனையையும், யாரும் சொல்லாமல், ஒரு வாழைப்பழக் காந்தத்தோடு செய்து முடித்திருந்தார். நாங்கள் ஊரில் பழகிய பழக்கத்தில், பெரியவருக்கு ஒரு கெட்ட செய்தி சொல்வதற்கு முன் அதைத் தன் குற்றமாக்கிக்கொண்டு சொன்னார். ஒரு வெள்ளைக்கார மாணவன் என்றால் "உங்கள் முடிவு பிழை" என்று சொல்லியிருப்பான், நானும் வாதாடித் தோற்றிருப்பேன். சுகந்தி எனக்கு ஒரு கதவைத் திறந்துவைத்தார், மரியாதைக்காக. நான் அதற்குள்ளால் ஓடித் தப்பினேன்.

"ஓம், உம்மட பிழைதான்" என்றேன். "உதைப் பற்றி இனி ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம். கொப்பியும் ஊத்தையாக் கிடக்கு. புதுசு ஒண்டு எடுத்துத் திருத்தமா எழுதும். உரல் கதை தேவையில்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு "ஓம் சேர்" என்றார்.

இயந்திரத்தில் அரைத்த தூளின் சுத்த அறிக்கையையும், இரும்புரலில் இடித்த தூளின் முடிவுகளையும் ஒரே அட்டவணையில், ஒரே பெயரின் கீழ்ப் போட்டேன். இரண்டும் தனித்தனியே உண்மை. சேர்த்துப் போட்டதுதான் பொய். கட்டுரை வெளியானது. குழு கூடி, நான் இருக்கலாம் என்றது.

அதன் பிறகு என் ஆய்வுகூடம் வேறு கரிப் பொருட்களுக்குப் போனது. தண்ணீர் சுத்தமாக்கும் கரி, மின்கலத்துக்கான கரி. அவற்றில் நாங்கள் செய்தவை பெரும்பாலும் உண்மையானவை. என் மாணவர்கள் நேர்மையானவர்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் நான் வந்த வாசல் அது. வாசலைப் பற்றி யாரும் கேட்கும்போதெல்லாம் சிரட்டையைப் பற்றியும் எங்கள் மண்ணைப் பற்றியும் பேசினேன். மண் என்றதும் நம்மவர்கள் வேறு கேள்வி கேட்பதில்லை.

சிலர் என் முறையைச் செய்து பார்த்து வெற்றி என்று எழுதினார்கள். அவர்களுடைய கரிக்குள்ளும் ஏதோ உலோகம் இருந்திருக்க வேண்டும். தோற்றவர்கள் ஒன்றும் எழுதவில்லை. தோற்றவர்கள் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

5

துவாரகாவுக்கு நான் உடனே பதில் எழுதினேன். அதுதான் இன்னும் வெட்கமானது. முன்பு செய்ததற்கு ஐந்து வருடப் பயம் என்று ஒரு சாட்டாவது இருந்தது. இப்போது எனக்கு என்ன பயம்?

"நன்றாக முற்றிய தேங்காயாகப் பாருங்கள். சூளையில் இன்னும் இரண்டு மணித்தியாலம் வையுங்கள்" என்று எழுதினேன். வாழ்த்துகள் என்றும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் கடிதம். முற்றிய தேங்காய்ச் சிரட்டையில், இரண்டு மணித்தியாலம் கூட வைத்து, எட்டுத் தடவை செய்து தோற்றிருந்தார். மின்வெட்டினால் இரண்டு தடவை கெட்டுப்போனதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். என்னிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் அனு வந்தாள். பிக்கரிங்கில் இருக்கிறாள். கிழமை நாட்களில் ரெயினில் நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவள், ஞாயிறு என்னைக் கடைக்குக் கூட்டிப்போவாள். வாகனத்தில் போகும்போது சொல்லிவிட்டேன். தமிழில் தொடங்கினேன். ஊக்கி என்ற சொல் அவளுக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லும்போது, பதற்றத்தில், கரி மாசடைந்தது என்பதற்கு நோய்த்தொற்றுக்கான சொல்லைச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, ஹூ காட் இன்ஃபெக்ரட்?"

"ஒருத்தரும் இல்லை. கரிக்குள்ளை இரும்பு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு போட்டனான்."

அவள் வாகனத்தை ஒரு கடை முற்றத்தில் நிறுத்தினாள்.

"யூ மீன், அந்தக் கோக்கனற் ஸ்ரோரி... அது ட்ரூ இல்லையா? அப்பா, ஐ ரோல்ட் தற் அற் மை வெடிங். எல்லாரும் கிளாப் பண்ணினவை."

"ஓம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

வாகனத்தின் கண்ணாடித் துடைப்பான் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்டதை இருவரும் கவனிக்கவில்லை.

"நீங்கள் ரிரையர்ட், அப்பா. நோபடி ரீட்ஸ் தற் பேப்பர் எனிமோர். லீவ் இற்."

"ஒரு பிள்ளை வாசிக்குது" என்றேன்.

அவள் வாகனத்தை எடுத்தாள். கடையில் கீரை தெரிந்தெடுக்கும்போது என் பக்கம் திரும்பாமலே, "தென் வை டிட் யூ லை ரு ஹர் அகெய்ன்?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு ஏன் திரும்பவும் பொய் சொன்னேன் என்று. நான் கையிலிருந்த கீரைக் கட்டைக் கூடைக்குள் வைத்தேன்.

6

சுகந்தி முதலில் எழுதிய ஊத்தைக் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. ஏன் எறியவில்லை என்று கேட்டால், கொப்பியை எறிவது எங்கள் தொழிலில் பாவம். அந்தத் தொழிலில் நான் மதித்த ஒரே விதி அதுவாகத்தான் இருக்கும். நிலவறைக் களஞ்சியத்தில் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கரி விரல் அடையாளங்களோடு அந்தப் பக்கம். "வீட்டு இரும்புரலில், கால் மணித்தியாலம் இடித்தேன்." அட்டையின் உட்பக்கம் அவருடைய அண்ணன் வீட்டுத் தொலைபேசி எண். அழைத்தேன். அண்ணன் இன்னமும் அதே மாடியில்தான் இருந்தார். அவர் சுகந்தியின் எண்ணைத் தந்தார்.

சுகந்தி இப்போது ரெக்ஸ்டேலில் இருக்கிறார். ஒரு வர்ணத் தொழிற்சாலையில் நிறம் பரிசோதிக்கிற வேலை, இருபது வருடத்துக்கு மேலாக. நான் வாகனம் ஓட்டுவதை விட்டுவிட்டேன். நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மூன்று பஸ் மாறிப் போனேன். கொப்பி மடியில்.

கதவைத் திறந்தவர் நரைத்திருந்தார். பார்வை மாறவில்லை.

"வாங்கோ சேர். சப்பாத்துக் கழட்ட வேண்டாம், நிலம் குளிரும்."

"பரவாயில்லை. நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?"

"நீங்களோ?" என்று சிரித்தார். "அப்ப ஏதோ பெரிய விசயம்தான். லாபிலை ஒருநாளும் நீர் எண்ட சொல்லைத் தாண்டினதில்லையே."

உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். குசினிக்குள் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. இஞ்சித் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"அதே உரலோ?" என்று கேட்டேன்.

"அதே உரல்தான். அதுக்கென்ன குற்றம் சேர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். துவாரகாவின் இரண்டு கடிதங்களையும், என் பதிலையும். முடித்ததும், "இப்ப அந்தப் பிள்ளைக்கு உண்மையை எழுதிப்போட்டியளோ?" என்றார்.

"இன்னும் இல்லை. முதல் உங்களிட்டை வந்து மன்னிப்புக் கேட்டுட்டு..."

"எனக்கு இருபத்தஞ்சு வருசம் போயிட்டுது. இன்னும் ரெண்டு கிழமை பிந்தினாலும் ஒண்டும் பழுதாகாது. அந்தப் பிள்ளைக்கு யூலையோடை முடியுது எண்டு நீங்கள்தானே சொல்லுறியள்? இஞ்சை வர உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிச்சது?"

"ரெண்டரை மணித்தியாலம்."

"அதுக்குள்ளை அஞ்சு கடிதம் எழுதியிருக்கலாம். ஃபோனை எடுங்கோ."

அவருடைய சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினேன். பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கவனக்குறைவினால் மாதிரியில் இரும்பு கலந்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். விரலை வைத்து நிறுத்தினார்.

"இது ஆரின்ரை கவனக்குறைவு?"

நான் அந்த வரியைத் திரும்ப வாசித்தேன்.

"நான் கவனமாத்தான் இருந்தனான் சேர். நீங்களும் கவனமாத்தான் இருந்தனியள். எங்களிலை ஒருத்தரும் கவனக்குறைவில்லை."

அழித்தேன். "கரியில் இரும்பு இருந்தது எனக்குக் கட்டுரை வெளிவருமுன்பே தெரியும்" என்று எழுதினேன். அவர் கொப்பியைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். எவ்வளவு நேரம் இடித்தது, அமிலம் எவ்வளவு செறிவு, கழுவிய பிறகு என்ன ஆனது. பெரும்பாலானவற்றுக்குக் கொப்பியைப் பார்க்கவேயில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தேன். முன்பு நான் எழுதிய முற்றிய தேங்காய் ஆலோசனை பொய் என்றும் எழுதினேன். அனுப்பினேன்.

பிறகுதான் வந்த விடயத்துக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் சொன்னேன்.

கொப்பியைத் திருத்தி எழுதிய அடுத்த வருடம் சுகந்தி வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பித்தார். என்னிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டார். அவர் போனால் எங்கேயாவது வாய் திறப்பார் என்று பயந்தேன். கெடுதியாக ஒரு சொல்லும் எழுதவில்லை. "அமைதியானவர், கீழ்ப்படிவானவர், சொன்னதைச் சரியாகச் செய்வார்" என்று எழுதினேன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்களுக்கு அது நல்ல கடிதம். இந்த நாட்டில் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு அது ஆளைக் கொல்கிற கடிதம். இரண்டும் எனக்குத் தெரியும்.

சுகந்தி தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"என்ர இங்கிலீஸ் காணாது எண்டு நினைச்சன்" என்றார். "பிறகு ரெண்டு வருசம் பின்னேர வகுப்புக்குப் போனனான். இங்கிலீஸ் படிக்க."

மேசையில் சிந்தியிருந்த தேநீரைத் துணியால் துடைத்தார்.

"அந்தக் கடிதத்தின்ரை பிரதி இருக்கோ?"

"இல்லை. அது மட்டும் இல்லை."

"அப்ப அதுக்கு என்னாலை ஒண்டும் செய்யேலாது சேர். கட்டுரையைத் திருத்தலாம். கடிதத்தின்ரை பாரத்தை நீங்களே வச்சிருங்கோ."

சொல்லிவிட்டு எழும்பி என் மேலங்கியை எடுத்துத் தந்தார். பஸ் தரிப்பு வரைக்கும் கூட வந்தார். வெளிக்கிடும்போது கொப்பியை அவரிடம் கொடுத்தேன். அது பல்கலைக்கழகத்தின் சொத்து என்பது விதி. படம் எடுத்துவிட்டேன், மிச்சத்துக்கு யாரும் கேட்டால் நான் பதில் சொல்கிறேன்.

7

துவாரகாவின் பதில் ஒன்பது நாளில் வந்தது. இந்த முறை தமிழில், ஆங்கில எழுத்தில் அல்ல, தமிழ் எழுத்திலேயே.

"இரும்புரலில் இடித்துப் பார்த்தேன். வேலை செய்கிறது. அமிலத்தில் கழுவினேன். நின்றுவிட்டது. இரண்டு வருடமாக என் கைதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். சுகந்தி அக்காவின் மின்னஞ்சலைத் தருவீர்களா? மேற்கோள் காட்ட வேண்டும்."

ஐயா என்ற சொல் அதில் இல்லை. நான் மூன்று தடவை தேடினேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முகவரியைக் கொடுத்தேன். இப்போது இருவரும் எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிகிறது. எனக்குப் பிரதி வருவதில்லை. அதுதான் சரி. துவாரகாவின் வேலை "என் கரி வேலை செய்யவில்லை" என்ற ஆய்வாக இல்லாமல், "ஏன் வேலை செய்யவில்லை" என்ற ஆய்வாக முடியும், கால நீடிப்பும் கிடைக்கும் என்று சுகந்தி தொலைபேசியில் சொன்னார். இரண்டு நிமிடம் பேசினார். வர்ணத் தொழிற்சாலையில் உணவு இடைவேளை.

கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கும் எழுதினேன். அவர்களுடைய இணையப் படிவம் காரணத்தைத் தெரிவுசெய்யச் சொன்னது. அச்சுப் பிழை, கணக்கீட்டுப் பிழை, மாதிரி மாறியது, கருவிப் பழுது. கீழே இழுத்துக்கொண்டே போனேன். தெரிந்து செய்தது என்று ஒன்று இல்லை. கடைசியில் "வேறு" என்று இருந்தது. அதை அழுத்தினால் ஒரு சிறிய பெட்டி திறக்கிறது. அதற்குள் எழுதினேன். சுகந்தி கண்டுபிடித்தார், நான் மறைத்தேன் என்று. பல்கலைக்கழகத்துக்கும் அதையே அனுப்பினேன். விசாரணைக் குழு கூப்பிடும். போவேன். மின்னஞ்சல் முகவரியைப் புதுப்பிக்கும் படிவம் வந்தபோது, இன்னும் ஆய்வில் ஈடுபட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று அழுத்தினேன்.

அனுவால் இதை வாசிக்க முடியாது. தமிழ் வகுப்புக்கு ஐந்தாம் வகுப்போடு முழுக்குப் போட்டவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வாசித்துக் காட்டி ஆங்கிலத்தில் சொல்கிறேன். நாலாவது பகுதி வரைக்கும் வந்திருக்கிறோம். காந்தம் வந்த இடத்தில், "அவ ரியலி ஸ்மார்ட், அப்பா" என்றாள். ஓம் என்றேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அதை நான் வாய்விட்டு ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இனி துவாரகா படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இரசாயன ஆய்வுகூடச் சுவரில் நான் சிரட்டையோடு நிற்கும் படத்தைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் நான் சொன்ன பொய்யும் சேர்ந்து மறைந்துபோகும். அதற்குப் பக்கத்தில் இந்தப் பக்கங்களை ஒட்டிவிடுங்கள். சட்டம் போடத் தேவையில்லை, பசை போதும். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டுங்கள்.